நெல்லை மண்ணுக்கேற்ற ஒயின் எது: பன்னீர் திராட்சையா, நாவலா, பதநீரா?

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது, கார்த்திகை பிறந்ததும் பரணிலிருந்து பீங்கான் சாடியை இறக்குவதில் தொடங்கும். கறுப்புத் திராட்சை, எடைக்கு எடை சீனி, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை ஆகியவற்றைச் சேர்த்து, தினமும் மரக்கரண்டியால் கிளறி, 21 நாள் கழித்து வெள்ளைத் துணியில் வடிகட்டுவார்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதை வீட்டுத் தேவைக்கும் அனுமதிப்பதில்லை என்று அறிந்தபின் அதை நிறுத்திவிட்டோம். ஆனாலும் அந்தக் கைப்பக்குவம் எங்களோடு முடிந்துவிடக் கூடாது என்பது என் ஆசை. ஆகவே, உரிமம் பெற்ற சிறு ஒயின் ஆலை ஒன்று நெல்லைச் சீமையில் அமையுமானால், எந்தப் பழத்தை நம்புவது நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பாரமாகாது என்று பார்க்கிறேன்.

சுவையை மட்டும் கேட்டால் பன்னீர் திராட்சைதான் முந்தும். மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இந்த வகை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரால் தமிழகத்துக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மணமும் நிறமும் தானாகவே அமைந்த பழம் அது. ஆச்சியின் சாடியில் இருந்ததும் அதுவே என்பதால், அதை விட்டுக்கொடுத்து எழுதுவது எனக்கு எளிதல்ல. ஆனால் அது பந்தலும் பாசனமும் கேட்கும் பயிர். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து தெளிக்காமல் காப்பாற்றுவது கடினம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் அந்த மெல்லிய தோல் பழத்தைத் தேனிப் பக்கமிருந்து லாரியில் கொண்டுவந்து பிழிந்துவிட்டு, அதை நெல்லை ஒயின் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரை அளவுகோலாக வைத்தால் பனைக்கு ஈடில்லை. திசையன்விளைத் தேரியின் செம்மணலில் ஒரு குடம் நீர் ஊற்றாமலே தலைமுறைகளைக் கடந்து நிற்கும் மரம் அது. எனினும் பதநீர் ஒயினுக்கு இசையாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகும். மறுநாளே காடியின் பக்கம் திரும்பிவிடும். மாதக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தும் பானத்துக்கு இந்த வேகம் பொருந்தாது. கள் இறக்குவதற்கு 1987 முதல் தடையும் இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியாகக் காய்ச்சப்படுவதே பதநீருக்கு மேலான கதி என்பேன்.

மீதமிருப்பது நாவல். பரிந்துரைக்கச் சொன்னால் என் விரல் இதைத்தான் காட்டும். தனித் தோட்டம் இல்லாமல் குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் வளரும் இம்மரம், வேர் பிடித்தபின் பராமரிப்பு எதையும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஆனி, ஆடியில் பழுத்து உதிர்வதில் எவ்வளவோ வீணாகி மிதிபடுகிறது. தோலிலுள்ள ஊதாச் சாயமே ஒயினுக்கு அடர்ந்த நிறத்தைத் தந்துவிடும். குறைகளும் இல்லாமலில்லை. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாகும். அப்படியானால் 12 சதவீதம் எட்ட 200 கிராமுக்குச் சற்று மேலேயே வேண்டும். நாவல் சாற்றில் இயல்பாக அவ்வளவு இனிப்பு இராது என்பதால் வெளியிலிருந்து சேர்த்தே ஆகவேண்டும். அந்த இடத்தில் ஆலைச் சீனிக்குப் பதிலாகப் பனங்கற்கண்டைச் சேர்த்தால், செலவு கூடினாலும், பனையேறிக்கும் இந்த ஒயினில் ஒரு பங்கு கிடைக்கும். கருப்பட்டியை நான் சேர்க்க மாட்டேன். அதன் மணம் நாவலை மூடிவிடும்.

துவர்ப்புத்தான் பெரிய சவால். கொட்டை நசுங்காமல் பிழிய வேண்டும், தோலைச் சாற்றில் நெடுநாள் ஊறவிடக் கூடாது, வடித்த பிறகும் பல மாதம் காத்திருக்க வேண்டும். ஆச்சியின் 21 நாள் கணக்கு இங்கே போதாது; ஆடியில் போட்டதை அவசரப்பட்டு அந்த மார்கழியிலேயே திறக்காமல், அடுத்த கிறிஸ்துமஸுக்கு எடுப்பதே நல்லது. பழமோ மரத்திலிருந்து இறங்கிய ஓரிரு நாளில் நைந்துவிடும். அதனால் பிழியும் இடம் குளக்கரையிலிருந்து சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு போய்ச் சேரும் தொலைவில் இருக்க வேண்டும்.