ரோட் ஃபோர்ஸ் பேலன்சிங்: வேன் ஸ்டீயரிங் நடுக்கத்துக்குக் கொடுத்த காசு வீணில்லை

சவுண்ட் சர்வீஸ்காரன் நான். ஸ்பீக்கர், ஆம்ப், கேபிள் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையிலேயே ஓடும் பெரிய வேன் என்னுடையது. 95 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கும். 105-இல் டேஷ்போர்டே கடகடக்கும். 115 தாண்டினால் ஓரளவு அடங்கிவிடும். சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்கிற சாதாரண வீல் பேலன்சிங் செய்து பார்த்தாயிற்று. மெஷின் எல்லாச் சக்கரத்துக்கும் பூஜ்யம், அதாவது எடை எங்கும் கூடவில்லை என்று காட்டியது, ரோட்டில் ஆட்டம் அப்படியேதான் இருந்தது. அதன் பிறகுதான் டயரை அழுத்திச் சுற்றி அளக்கும் ரோட் ஃபோர்ஸ் மெஷின் வைத்திருக்கும் ஒரு டயர் கடைக்குப் போனேன். பாராட்டும் உண்டு, குறையும் உண்டு, அதனால் கடையின் பெயர் வேண்டாம்.

முதல் நல்ல விஷயம், வேலை பார்த்த டெக்னீஷியன் ஜாக்கியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, சீட்டுக்கு அடியில் தெரிகிறதா? ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டும் தரையும் என்றால் பின் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், டயரை நோண்டிப் பயனில்லை. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போக வேண்டும். காலையில் எடுத்ததும் ஆடிவிட்டு, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியாகிறதா? அது ராத்திரி முழுக்க நின்றதில் டயர் தரையில் அழுந்தித் தட்டையான கதை, தானே போய்விடும்.

கேட்டதோடு விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். 105-இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். எஞ்சின் இறங்கியது, ஆட்டம் இறங்கவில்லை. “சரி, எஞ்சினை விட்டுவிடலாம், திரும்புங்கள் சார்” என்றார்.

வருகிற வழியில் அவர் சொன்னது என் தொழிலுக்கு நெருக்கமான கணக்கு. என் டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 12, 13 சுற்று. அதாவது 12, 13 ஹெர்ட்ஸ். காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியும். சஸ்பென்ஷனில் சக்கரமும் அது மாட்டப்படும் நடுப்பாகமான ஹப்பும் சேர்ந்து துள்ளும் இயல்பான அதிர்வெண்ணும் 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. ஹாலில் ஒரே ஒரு பாஸ் நோட்டுக்கு மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிருமே, அதே சங்கதி. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டம் வந்து, அதைத் தாண்டினால் அடங்குகிறது. பிறகு வீட்டில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம் ஒரு பக்கம் கூடினால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 4 கிலோ எடையின் விசையோடு சக்கரத்தை இழுக்கிறது. 50-இல் ஒரு கிலோதான், அதனால் அங்கே ஒன்றும் தெரியாது.

இனி மெஷின். சாதாரண பேலன்சிங் மெஷினில் சக்கரம் காற்றில் சுற்றும். எடை எங்கே கூடுகிறது என்று மட்டும்தான் அது பார்க்கும். ஆனால் வண்டிக்கு அடியில் டயர் அழுந்தித்தான் சுற்றுகிறது. டயரின் ஒரு பக்கம் மட்டும் விறைப்பாக இருந்தால், எடை எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பக்கம் ரோட்டைத் தொடும்போதெல்லாம் ஒரு உதை உதைக்கும். ரோட் ஃபோர்ஸ் மெஷினில் ஒரு கனமான உருளை இருக்கிறது. அதை 500 கிலோவுக்கும் மேலான அழுத்தத்தில் டயர் மேல் வைத்து மெதுவாகச் சுற்றி, விசை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அளக்கிறார்கள்.

என் முன் இடது சக்கரத்துக்கு அந்த விசையின் ஏற்ற இறக்கமாகத் திரையில் வந்த எண் 52 பவுண்டு. கார் டயருக்கு 20 சொச்சம் தாண்டினாலே யோசிக்க வேண்டும், வேன் டயருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் 52 அதிகம் என்றார். முன் வலதில் 19. பின் சக்கரங்கள் இரண்டும் 30-க்குள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டயரைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ரிம் எந்த இடத்தில் பள்ளமாக இருக்கிறது என்பதையும் மெஷின் அளந்திருந்தது. டயரில் விசை உயர்ந்த இடத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு, ரிம்மில் தாழ்ந்த இடத்துக்கு ஒரு கோடு. காற்றை இறக்கி, ஓரத்தை விடுவித்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரை ரிம்மிலேயே கால் வட்டத்துக்கு மேல் திருப்பி இரண்டு கோட்டையும் சேர்த்தார். காற்றடித்து மறுபடி அளந்தபோது 21. புது டயர் இல்லை, புது ரிம் இல்லை. ஒன்று மட்டும்: ரிம் நெளிந்திருந்தாலோ, டயருக்குள் இருக்கும் கம்பிப் பட்டையான பெல்ட் பிரிந்து வீங்கியிருந்தாலோ இந்த வித்தை செல்லாது. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், எங்கே பேலன்சிங் செய்தாலும் கேட்டுப் பெறலாம். வேன் ரிம்மின் நடு ஓட்டை பெரியது. வெறும் கூம்பை வைத்து மெஷினில் இறுக்கினால் சக்கரம் மயிரிழை தள்ளி உட்காரும். பிறகு மெஷின் காட்டும் பூஜ்யம் பொய்யான பூஜ்யம். இவர் பின்னாலிருந்து கூம்பு, முன்னால் நட்டு ஓட்டைகளில் உட்காரும் விரல்கள் வைத்த தட்டு, இரண்டும் போட்டு இறுக்கினார். பூஜ்யம் வந்த பிறகு தளர்த்தி, சக்கரத்தை அரை வட்டம் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றினார். அப்போதும் பூஜ்யம். முதலில் பேலன்சிங் செய்த இடத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை. ஹப் முகத்தில் இருந்த துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்டினார்.

மாட்டுவதற்கு முன் அடியில் படுத்துப் பார்த்ததில், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டான டை ராட் எண்டில், வலது பக்கம், பிளே (தளர்வு) இருந்தது தெரிந்தது. ஜாக்கியில் தூக்கிய சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ‘டக்’ என்றது. மேலும் கீழும் ஆட்டியபோது ஒன்றுமில்லை, ஆக பேரிங்கும் பால் ஜாயிண்டும் தப்பித்தன. ஆட்டத்தை உண்டாக்குவது சக்கரம், அதை ஸ்டீயரிங் வரை பெருக்கிக் கொண்டுவருவது பிளே. இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனால் கொஞ்ச நாளில் திரும்பி வருவீர்கள் என்றார். மாற்றச் சொன்னேன்.

குறைக்கு வருகிறேன். உள்ளே இவ்வளவு பொறுப்பான ஆளை வைத்துக்கொண்டு, முன்னால் கவுண்டரில் இருந்தவர் நான் வாய் திறக்கும் முன்பே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பேக்கேஜை நீட்டினார். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிற நடுக்கத்துக்கு அது முதல் மருந்தல்ல. தேய்ந்த டை ராட் எண்டோடு அலைன்மென்ட் செய்திருந்தால், அதை மாற்றிய பிறகு இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் எண்டை மாற்றியதால் அலைன்மென்ட் தேவைப்படத்தான் செய்தது, ஆனால் சரியான வரிசையில். இரண்டாவது குறை, மெஷின் அளந்த எண்களை அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேட்டால்தான் தருகிறார்கள். காசு வாங்குவதே அந்த எண்களுக்குத்தானே, கேட்காமலே தர வேண்டாமா? மூன்றாவது, அரை நாள் ஆகிவிடும். உட்கார நல்ல இடமில்லை.

இப்போது 105-இல் ஸ்டீயரிங் அமைதி. கனமான பாஸ் ஸ்பீக்கர்களான சப் பெட்டிகளை எல்லாம் பின் கதவை ஒட்டி ஏற்றும் நாளில் மட்டும் 100 பக்கம் ஒரு சின்னச் சிலிர்ப்பு தெரிகிறது. பெட்டிகளை முன்னால் நகர்த்தினால் அதுவும் போய்விடுகிறது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சால் மறுபடி பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். போகிறவர்கள் கவுண்டரில் “முதலில் டெஸ்ட் டிரைவ்” என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.