கிளட்ச் மீது விழுந்த பழி: பின்சக்கர இயக்க வண்டியுடன் ஒன்பது ஆண்டுகள்

பின்சக்கர இயக்கம் கொண்ட வண்டி ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 1,40,000 கிலோமீட்டர் கடந்துவிட்டது. ஐந்து ஆண்டுகள் வரை குறையில்லை. பிறகு, முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கி, அடியிலிருந்து 'டொக்' என்ற ஓசை எழத் தொடங்கியது. கிளட்ச் தேய்ந்துவிட்டதென்று முடிவுகட்டிப் புதிய பிளேட் போட்டேன். குலுக்கல் அப்படியே இருந்தது.

கியரைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதித்தாலும் அதே ஓசை வந்தபோதுதான் சந்தேகம் திசை மாறியது. எஞ்சின் இழுக்கும்போது கியர்களின் பற்கள் ஒரு பக்கமாக அழுந்தியிருக்கும். காலை எடுத்ததும் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற முயல்வதால், பற்கள் இடைவெளியைத் தாண்டி மறுபக்கத்தில் மோதும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இந்தத் திருப்பம் நிகழ்கிறது. தேய்மானம் கூடக்கூட மோதலும் பலக்கிறது.

கியர்பாக்ஸ் ஓரிடத்தில் நிற்க, பின் அச்சு ஸ்பிரிங்குகளின் மேல் ஏறி இறங்குவதால், இடையில் சுழற்சியைக் கடத்தும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இரு முனைகளிலும் மடங்கும் கிராஸ் இணைப்புகளும், நீளம் கூடிக் குறைய வழிவிடும் சறுக்கு ஸ்ப்லைனும் தேவைப்படுகின்றன. சாய்ந்த நிலையில் ஒற்றைக் கிராஸ் சீராகச் சுழற்றாது. ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் ஏறி இறங்கும். இரண்டாவது கிராஸ் அதைச் சரிக்கட்ட வேண்டுமானால், ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பணிமனையில் குறியிடாமல் கழற்றி மாற்றிப் பூட்டியதால், இரண்டு மாதம் அதிர்வோடு ஓட்டினேன்.

சமதளத்தில் எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பார்த்தேன். முழு ஷாஃப்ட்டும் சற்று அசைவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இணைப்பின் இரு கவைகளும் ஒன்றுக்கொன்று விலகி அசைகின்றனவா என்பதே கேள்வி. பின்புறக் கிராஸில் அசைந்தன. அதன் மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடியும் படிந்திருந்தது. ஊசி பேரிங்குகள் கிரீஸின்றி வறண்டிருந்தன.

கிராஸை மாற்றி, ஸ்ப்லைனுக்குக் கிரீஸ் அடித்ததும் ஓசை நின்றது. மிஞ்சிய சிறு உதறலுக்கு என் கால்தான் காரணம். முதல் கியர் விகிதம் 3.6, இரண்டாவது 2.0 என்றால், நிமிடத்துக்கு 3,600 சுற்றில் கியர் மாற்றும்போது எஞ்சின் 2,000-க்கு இறங்கியாக வேண்டும். அதற்கு முன் கிளட்சை விட்டால் வண்டி முன்னுக்குத் தள்ளும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு வரும்போது மட்டும் இன்னும் மெல்லிய தட்டு கேட்கிறது. அது பின் அச்சிலுள்ள கிரவுன், பினியன் கியர்களின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளி என்பதால், பெரிதாகாதவரை அதைக் கழற்றப் போவதில்லை.