வாங்கப் பணம் உண்டு, திருத்த இல்லை: எங்கள் வலயத்தின் டிஜிட்டல் கல்வித் திட்டம்

எங்கள் கல்வி வலயத்தின் டிஜிட்டல் கல்வித் திட்ட வரைபுக்கு ஐந்துக்கு இரண்டரை போடலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்கள் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமென்று வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். போனில் திறந்தால் ஒரு சொல்கூட விளங்கவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பு; அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பதால் எனக்குப் பரவாயில்லை, மற்றப் பெற்றோர் என்ன செய்வார்கள்? டிஜிட்டல் திட்டத்தையாவது எந்தப் போனிலும் தெரிகிற யூனிகோட்டில் அடித்திருக்கலாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப்களையும் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான இ-தக்சலாவ பாடங்களையும் முன்கூட்டியே இறக்கி, பாடசாலைக்குள் ஒரு சின்ன சேர்வரில் வைத்து வைஃபையில் கொடுப்பதாக ஒரு பந்தி இருக்கிறது. இன்ரநெற்றும் வேண்டாம், டேட்டாக் காசும் வேண்டாம். கொரோனாக் காலத்தில் சூம் வகுப்புக்குச் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மதிலில் ஏறி இருந்ததைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். யார் எழுதினாரோ, அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம்.

மிச்சமெல்லாம் கலியாணச் சாமான் பட்டியல் மாதிரி. ஸ்மார்ட் போட், புரொஜெக்டர், மடிக்கணினி. ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டே வரி. பராமரிப்பு என்ற சொல் ஓரிடத்தில் வருகிறது, அதற்கு நேரே தொகை இல்லை.

பாடசாலைகளிலிருந்து என் மேசைக்கு வருகிற கணினிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். பவர் சப்ளைக்குள் பல்லி கருகி ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்துத் தீவுகளான தீவகத்திலிருந்து வந்ததென்றால் உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும். யூபிஎஸ் பற்றரி எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். அது செத்தால் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் கணினியும் சேர்ந்து விழும். மாற்றக் காசு கேட்டு அதிபர் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும்.

இன்னொன்று. லண்டன், கனடாப் பழைய மாணவர்கள் அனுப்பிய கணினிகளை வரைபு அப்படியே கணக்கில் சேர்த்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை (பாதுகாப்புத் திருத்தங்கள் உட்பட) மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. அந்தப் பழைய பெட்டிகளில் அநேகமானவை விண்டோஸ் 11ஐ ஏற்காது. எறியத் தேவையில்லை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் அதைப் போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் திட்டத்தில் எங்கே?

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ஸ்மார்ட் போட்டில் சிலதைக் குறையுங்கள். அந்தக் காசில் வலயத்துக்கென்று ஒரு தொழில்நுட்பவியலாளரை மோட்டார் சைக்கிளோடு எடுங்கள், பற்றரிக்கும் உதிரிப்பாகத்துக்கும் வருடாவருடம் ஒரு தொகை ஒதுக்குங்கள். அது வரும்வரை இந்த வரைபுக்கு நான் கையெழுத்து வைக்கப் போவதில்லை.