மலிவு நூல்காரரா, சொன்ன நாளில் தருபவரா?

திருப்பூரில் பனியன் யூனிட் நடத்துபவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். என் கணக்கு இது.

விலை: மலிவாகத் தந்து நாள் இழுத்தடிப்பவர் நூல் கிலோ 242 ரூபாய், ஒழுங்கானவர் 250. ஆயிரம் கிலோவுக்கு 8,000 மிச்சம்.

ஜிஎஸ்டி: முதலாமவர் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களைக் காட்டும் படிவம்) தாக்கல் செய்யாவிட்டால் 5%, அதாவது 12,100 ரூபாய் வரிவரவு (நூலுக்குக் கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது) முடங்கும். மிச்சம் போயே போச்சு. மற்றவரிடம் இந்தத் தலைவலி இல்லை.

தரம்: வெவ்வேறு லாட் (ஒரே தடவையில் நூற்ற நூல் தொகுதி) கலந்து வந்தால் சாயம் போட்டபின் துணியில் பட்டை விழும்.

நேரம்: இதுதான் பெரிய அடி, நூல் பத்து நாள் தாமதமானால் நிட்டிங், டையிங், தையல் எல்லாம் தள்ளிப்போய், தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பவேண்டி வந்தால் லாபமே கரைந்துவிடும்.

உள்ளூர் ஆர்டர், தேதி நெருக்கடி இல்லை என்றால் மலிவுக்காரரிடம் வாங்கலாம். ஜிஎஸ்டிஆர்-2பியில் (விற்றவர் காட்டிய பில்கள் நமக்குத் தெரியும் பட்டியல்) பில் ஏறிய பிறகு பணம் கொடுங்கள். ஏற்றுமதி என்றால் தயங்காமல் 250 கொடுங்கள்.