ஏழாம் மாதத்தில் ஊருக்குப் போய்வந்தது

மெல்பர்னிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு, தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி 23ஆம் வாரத்தில் புறப்பட்டு, 28 வாரம் முடிந்த கையோடு திரும்பினேன். பிரசவம் மெல்பர்னில்தான் என்பது முன்பே முடிவாகியிருந்தது. ஊருக்குப் போனது, கர்ப்பிணிக்கு அம்மா வீட்டார் சோறு வகைகள் கொண்டுவந்து நடத்தும் கட்டுச்சோறு விருந்துக்காகவும், தொண்ணூறை நெருங்கும் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, பார்ப்பதற்காகவும்தான். ஆயினும் அந்த ஐந்து வாரங்களில் மருத்துவர், ஆய்வகம், ஸ்கேன் நிலையம், கிராம சுகாதாரச் செவிலியர், வாடகைக் கார், துணிக்கடை என்று பலரிடமும் போக நேர்ந்தது. என்னைப் போல் இடையில் வந்து திரும்புகிறவர்களுக்கு உதவும் என்பதால் பட்டதை எழுதிவைக்கிறேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்கப்பூர் வழியாக நேரே கோவையில் இறங்கிவிடலாம் என்பதால், சென்னையில் இறங்கி இரவு ரயில் பிடிக்கும் அலைச்சல் மிச்சம். விமான நிலையத்தில் ஏறிய வாடகைக் காரில் பின்னிருக்கை பெல்ட்டின் பூட்டுகள் இரண்டும் இருக்கை உறைக்கு அடியில் புதைந்துகிடந்தன. "பின்னால யாருங்க பெல்ட்டு போடறாங்க" என்று ஓட்டுநர் சிரித்தாரே தவிர, வயிற்றைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி, உறையையே கழற்றி டிக்கியில் போட்டுவிட்டார். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் ஏறாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பின்மீது படிந்திருக்க வேண்டும். பெருமாநல்லூர் தாண்டிக் குன்னத்தூர் வழியில் வந்த வேகத்தடைகளில் அந்தப் பட்டையின் அருமை தெரிந்தது.

புறப்படுவதற்கு முன்பே நானும் கணவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தோம். கட்டுச்சோற்றுக்கு நான்கு நாள் முன்னதாகத்தான் அவரால் வர முடியும் என்பதால், ஒவ்வொரு பரிசோதனையின் முடிவையும் அன்றன்றே அவருக்கு அனுப்ப வேண்டும்; எடை, இரத்த அழுத்தம், குழந்தையின் அசைவு எல்லாவற்றையும் வீட்டாரிடம் தாராளமாகச் சொல்லலாம்; பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது. மெல்பர்னில் பத்து வாரத்துக்குப் பின் தாயின் இரத்தத்தை எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பார்க்கும் சோதனையைச் சொந்தச் செலவில் செய்திருந்தோம். அந்த அறிக்கையிலேயே பாலினமும் அச்சிடப்பட்டிருந்தது. அங்கே அது ஒரு சாதாரணச் செய்தி. இங்கே அது என்னவாகும் என்பதை நான் சரியாக யோசிக்காமலே அந்தத் தாளையும் மற்றத் தாள்களோடு கோப்பில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் குழப்பம் கணக்கில் வந்தது. மெல்பர்னில் முடிந்த வாரத்தைச் சொல்வார்கள். ஊரில் நடக்கிற மாதத்தைச் சொல்வார்கள். 24 வாரம் முடிந்துவிட்டது என்று நான் சொன்னால் அத்தை விரலை மடித்து எண்ணி, "அப்ப ஏழாவது நடக்குதுங்கறே" என்பார். தொலைபேசியில் கணவரோ இன்னும் ஆறே முடியவில்லை என்பார். இருவர் சொல்வதும் சரிதான். பத்து மாதம் என்று நம்மவர்கள் எண்ணுவது 28 நாள் மாதம். பத்து 28 என்பது 280 நாள், அதாவது மருத்துவர் சொல்லும் அதே 40 வாரம். கட்டுச்சோற்றுக்கு ஒற்றைப்படை மாதம் வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் அத்தையின் கணக்கே நின்றது.

இது வேடிக்கையோடு முடியவில்லை. 28 வாரத்தைத் தாண்டினால் மருத்துவரின் சான்றுக் கடிதம் வேண்டும் என்பது நான் வந்த விமான நிறுவனத்தின் விதி. நான் கலந்தாலோசித்த மருத்துவமனையில் எழுதித் தந்த முதல் கடிதத்தில் "ஏழு மாதம்" என்று மட்டும் இருந்தது. வாரக் கணக்கு, பிரசவத் தேதி, ஒற்றைக் குழந்தை, சிக்கல் ஏதுமில்லை என்பவை இல்லாத கடிதத்தை விமான நிலையத்தில் ஏற்க மாட்டார்கள். வாசல்வரை வந்தவள் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மாற்றி எழுதி வாங்கினேன். கடிதத்தை வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள்.

அதே மருத்துவமனைதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகுந்த மனக்குறையைத் தந்தது. மிகுந்த மரியாதையையும் தந்தது. குறை இதுதான். மாலை ஐந்து மணி டோக்கனுக்கு ஏழரைக்கு அழைத்தார்கள். உள்ளே போன பின்னும் மருத்துவர் கேள்விகளை என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதில்களை அத்தையைப் பார்த்துச் சொன்னார். இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "கீரை நல்லாக் குடுங்க" என்று அத்தைக்குச் சொன்னாரே தவிர, அளவு என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. எழுதித் தந்த சீட்டில் மருந்துப் பெயர்கள் மட்டுமே இருந்தன. அன்று எடுத்த இரத்த அழுத்தம்கூட இல்லை. கேட்டபின் எழுதினார், முகம் சுளிக்காமல். யாரும் மறைக்க நினைப்பதில்லை. கர்ப்பிணியே தன் கோப்பைக் கையில் வைத்துக்கொள்வாள் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அவ்வளவுதான்.

மரியாதை அடுத்த கணத்தில் வந்தது. மெல்பர்ன் கோப்பை வாங்கிப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்த இரத்தச் சோதனை அறிக்கையின் தலைப்பைக் கண்டதும் சட்டென்று தாளைக் கவிழ்த்து என் பக்கமாகத் தள்ளினார். "இதை எடுத்து உள்ளே வெச்சிருங்க. நான் பாக்கலை. இங்க வேற யார்கிட்டயும் காட்டவும் வேண்டாம்." அத்தை என்னவென்று கேட்டதற்கு, "பழைய ரத்த டெஸ்ட்டுங்க, இப்பத் தேவையில்லை" என்று முடித்துவிட்டார். நான் அந்தத் தாளை நான்காக மடித்துக் கடவுச்சீட்டுப் பையில் செருகினேன். அதன்பின் ஊரில் இருந்தவரை அது அங்கேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன். நிலையத்தின் வாசலிலேயே, கருவிலுள்ள குழந்தையின் பாலினம் இங்கே கண்டறிந்து சொல்லப்படுவதில்லை, அது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை தொங்கியது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் இது. சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ பாலினத்தைக் கர்ப்பிணிக்கோ உறவினருக்கோ யாரும் தெரிவிக்கக் கூடாது என்பது அதன் விதி. இந்தப் பலகையை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள், பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம் பக்கத்துச் சேலத்தில் தொடங்கப்பட்டது ஏன் என்பதை நினைத்துப் பார்க்கலாம். என் அம்மா காலத்துக் கதை அது. பாட்டி காலத்துக் கதையாகிப் போய்விடவில்லை.

படுக்கையில் ஏறுவதற்கு முன் ஆதார் அட்டையைப் பார்த்து, முன்பு பிள்ளைகள் உண்டா என்று கேட்டு, படிவம் எஃப் என்ற தாளை நிரப்பினார்கள். கீழே என் கையெழுத்து. குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று உறுதி கூறும் வாசகத்தின்கீழ், அதை ஏற்கெனவே அறிந்தவளாகிய நான் கையெழுத்திட்டேன். பொய் சொல்கிறேனா என்று ஒரு நொடி பேனா தயங்கியது. இங்கே கேட்க வரவில்லை என்பது உண்மைதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஸ்கேன் மிகப் பொறுமையாகச் செய்யப்பட்டது. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பு நீளம், நீர் அளவு எல்லாம் அரை மணி நேரத்தில் அச்சாகி வந்தன. கைபேசியை வெளியே வைக்கச் சொன்னதால் கணவர் அழைப்பில் பார்க்க முடியவில்லை; மெல்பர்னில் நள்ளிரவு வரை விழித்திருந்தவருக்கு அது வருத்தம்.

ஆய்வக அனுபவம் இருவகையாக அமைந்தது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கான சோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று என் மெல்பர்ன் மருத்துவச்சி சொல்லியிருந்தார். நம் நாட்டில் பரவலாகச் செய்வது, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுத்து, 140 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று பார்ப்பது. தொலைவிலிருந்து வரும் பெண்ணை வெறும் வயிற்றில் காக்க வைக்காத நல்ல முறை. ஆஸ்திரேலியாவிலோ வெறும் வயிற்றில் ஒன்று, ஒரு மணியில் ஒன்று, இரண்டு மணியில் ஒன்று என மூன்று முறை எடுப்பார்கள். முன்கூட்டியே சொன்னதும், கோபியில் இருந்த ஆய்வகத்தார் காலை ஆறரைக்கே வீட்டுக்கு ஆள் அனுப்பி, மூன்று முறையும் எடுத்துக்கொண்டு போனார்கள்; மதியத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. மெல்பர்னுக்கு அனுப்பும்போது அந்த எண்களை 18ஆல் வகுத்து அனுப்புங்கள். அங்கே அளவலகு வேறு.

அறிக்கை வந்தது என் கைபேசிக்கு அல்ல. பதிவு செய்யும்போது எந்த எண் கொடுக்கப்பட்டது என்று நான் கவனிக்கவில்லை. அது மாமாவின் எண். அவர் பெருமிதத்தோடு அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கணவர் பார்ப்பதற்கு முன்பே பெருந்துறையிலும் காங்கேயத்திலும் இருக்கும் பங்காளிகள் என் சர்க்கரை அளவைப் பார்த்தார்கள். காப்பியில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி மூன்று குரல் செய்திகள் வந்தன, சர்க்கரை சரியாகவே இருந்தபோதும். மாமாவிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் எந்தத் தாள் யார் கைக்குப் போகக்கூடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கடவுச்சீட்டுப் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இந்த ஐந்து வாரத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை, நான் தேடிப் போகாதது. வந்த மூன்றாம் நாளே கிராம சுகாதாரச் செவிலியர் மொபெட்டில் வாசலில் வந்து நின்றார். கர்ப்பிணி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று பால் ஊற்றுகிறவர் சொன்னாராம். முதல் கேள்வி, "பிக்மி நம்பர் போட்டாச்சுங்களா?" தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பதிவு செய்து தரப்படும் பன்னிரண்டு இலக்க எண் அது, இங்கே பிரசவமானால் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் வேண்டும். பிரசவத்துக்காக ஊருக்கு வருகிறவர்கள் வந்ததும் முதல் வேலையாக இதை முடித்துவிடுவது நல்லது. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதையும் அவரே விளக்கினார். நான் திரும்பிப் போகிறவள் என்று சொன்னபின்னும் அவர் கிளம்பவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார். 10.4. "பதினொண்ணுக்கு மேல இருக்கோணுமுங்க அம்மிணி." திண்ணையில் என் மாத்திரை அட்டையும் பக்கத்தில் காப்பி டம்ளரும் இருப்பதைப் பார்த்தவர், "மாத்திரை போட்ட கையோட காப்பி குடிச்சா அது எங்கீங்க ஒட்டும்?" என்றார். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் போடக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். மெல்பர்னிலும் சொல்லியிருப்பார்கள், திண்ணைக்கு வந்து டம்ளரைப் பார்த்துச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் வந்தார். ஒரு பழைய நோட்டில் தேதி போட்டுத் தமிழில் எழுதி, பக்கத்தைக் கிழித்து என்னிடம் தந்துவிட்டுப் போவார். கேட்காமலே பதிவைக் கையில் தந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

கட்டுச்சோறு தை மாதக் கடைசியில் நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அம்மா வீட்டார் கொண்டுவந்தார்கள். கச்சாயமும் ஒப்புட்டும் தனி. சமையலுக்கு ஏற்பாடு செய்தவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே வந்தார்கள் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கணவரும் வந்துவிட்டதால் இருவரையும் உட்காரவைத்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். வயிறு முன்தள்ளியிருக்கிறது என்றார் ஒருவர், முகம் களையாக இருக்கிறது என்றார் இன்னொருவர்; இரண்டுக்கும் எதிரெதிரான முடிவுகள்.

அம்மாயி நேராகவே கேட்டார். "அந்த ஊருல சொல்லிப்போடுவாங்களாமே, உனக்குத் தெரியுமா கண்ணு?"

"கேக்கலீங்க அம்மாயி" என்றேன். கணவர் இலையைப் பார்த்தார்.

அம்மாயி என் கையில் வளையலை ஏற்றிக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காதபடி, "தெரிஞ்சாலும் சொல்லாத சாமி. எனக்கு மூணாவதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க மாமியா என்கூடப் பேசலை, இதுவும் பொட்டைன்னு" என்றார். அவருடைய மூன்றாவது பெண்தான் என் அம்மா.

மிச்சமிருந்த ஒரு நாளில் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனோம். பிறந்த குழந்தைக்கான பின்னலாடைகள் அங்கே கிடைக்கும் விலைக்கு மெல்பர்னில் ஒரு ஜோடி காலுறை வாங்க முடியாது. தையல் முடிச்சுகளை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்; ஏற்றுமதியில் கழித்துக்கட்டிய துணிகளில் சிலவற்றில் கழுத்துப்பட்டி சொரசொரப்பாக இருக்கும். கடைக்காரர் இரு நிறங்களை எடுத்துப் போட்டு, எது என்று கேட்டார். மஞ்சளும் வெள்ளையும் வாங்கினோம்.

திரும்பும்போது அம்மா வைத்துவிட்ட வசம்பு வளையத்தை மெல்பர்ன் விமான நிலையத்தில் அட்டையில் குறித்து அறிவித்தேன். உலர்ந்த வேர் என்பதால் அதிகாரி எடுத்துக்கொண்டார். பெயரென்ன என்று கேட்டார். பிள்ளை உள்ள வீட்டில் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம், பேர் சொல்லாதது என்றுதான் சொல்வோம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், மருந்து வேர் என்றேன். ரசத்துக்கான செலவுச் சாமான் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அம்மா விசாவில் இங்கே வந்ததும் அதில் ரசம் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மறுவாரம் மருத்துவச்சியிடம் ஸ்கேன் அறிக்கையையும் சர்க்கரை அறிக்கையையும் கொடுத்தேன்; தடையின்றி ஏற்றுக்கொண்டார். நோட்டுத் தாள்கள் ஐந்தையும் எடுத்து வைத்தபோது, எழுத்தைப் பார்த்துவிட்டு, படித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு தேதியாக நான் படிக்கப் படிக்க, இரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் கணினியில் ஏற்றினார்: 10.4, 10.6, 10.9. கடைசித் தாளின் ஓரத்தில் சிறியதாக ஏதோ எழுதியிருக்கிறதே என்று கேட்டார். "அசைவு நல்லாருக்கு. காப்பி நிறுத்தியாச்சு" என்று படித்து, பொருள் சொன்னேன். அதையும் ஏற்றினார்.