இரண்டு லட்சத்துக்குள் பழைய கார்: ஆல்ட்டோ கே10, சான்ட்ரோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் டீசல்

ஒன்று முதல் இரண்டு லட்சம் ரூபாய்க்குள் கார் தேடினால் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை நான்கு வண்டிகள்: 2010க்குப் பிந்தைய ஆல்ட்டோ கே10, ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங், கே சீரிஸ் எஞ்சின் வந்த பிறகான வேகன் ஆர், ஸ்விஃப்ட் டீசல். வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்த விலையில் முதலில் பார்க்க வேண்டியது பாடி, அடுத்தது பேப்பர், அதற்குப் பிறகுதான் எஞ்சின். கே10 ஆயில் குடித்தால் ரிங்கும் வால்வ் சீலும் மாற்றலாம். அந்த வேலை தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார், பாகமும் கிடைக்கிறது. ஃப்ளோர் துருவேறிய வண்டியை எத்தனை முறை வெல்டிங் வைத்தாலும் அடுத்த மழைக்கு ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் பொத்துக்கொள்ளும். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும்போது அதுவே முதலில் மாட்டும்.

துரு, பட்டி, வெள்ளம்

நான்கில் ஆல்ட்டோவுக்கும் சான்ட்ரோவுக்கும் துரு சோதனை மிகக் கறாராக இருக்க வேண்டும். சான்ட்ரோ ஜிங் 2003ல் வந்து 2014 இறுதியில் உற்பத்தி நின்ற வண்டி, ஆகக் கடைசியாக வந்ததற்கும் வயதாகிவிட்டது. ஆல்ட்டோவில் தகடு மெலிது. டிரைவர் பக்க மேட்டை மட்டும் தூக்கிப் பார்த்தால் போதாது, அதன் கீழே ஒட்டியிருக்கும் கார்ப்பெட்டையும் ஓரத்தில் கிளப்பி ஃப்ளோரை விரலால் அழுத்துங்கள். பிறகு ரன்னிங் போர்டின் பின்முனை, பேட்டரி ட்ரேயின் அடி, ஸ்டெப்னி வைக்கும் குழி, கதவுகளின் அடி விளிம்பு. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரப் பகுதிகளில் ஓடிய வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அதற்குள் என்ன மறைந்திருக்கிறது என்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், போன தகடு மொத்தென்று கேட்கும்.

பட்டி (நெளிவை நிரப்பப் பூசும் பசை) வைத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஃபெண்டர், கதவு, டிக்கி ஓரங்களில் நகர்த்தினால் போதும். கனமாகப் பட்டி வைத்த இடத்தில் காந்தம் பிடிக்காது. கதவில் சிறு டிங்கரிங் வேலை இருப்பது இந்த வயதில் இயல்பு, அதற்காக வண்டியைத் தள்ள வேண்டியதில்லை. தள்ள வேண்டியது முன்பக்க ரேடியேட்டர் தாங்கும் குறுக்குச்சட்டம் நெளிந்திருந்தால், ஷாக் அப்சார்பர் மேலே மாட்டும் டூம் பகுதியில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங்குக்குப் பதில் கையால் வைத்த வெல்டிங் தெரிந்தால். பானெட் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்று கேட்டு, பதில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் நிறைய வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுநீளமும் வெளியே இழுங்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கறை இருக்கும். வாட்டர் வாஷ் அடிப்பவர்கள் அதுவரை இழுத்துக் கழுவுவதில்லை. சீட் தண்டவாள போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஒயர் கட்டுகளில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்மட்டக் கோடு இருந்தாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏர்பேக், பவர் ஸ்டியரிங் கனெக்டர்களில் பச்சைபிடித்து, ஒரு கோளாறை முடித்தால் அடுத்தது கிளம்பும்.

எஞ்சின்: பெல்ட்டும் செயினும்

வண்டி பார்க்கப் போகும் முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். குளிர்ந்த ஸ்டார்ட்டில் தெரிவது சூடான எஞ்சினில் தெரியாது.

ஆல்ட்டோ கே10க்கும் வேகன் ஆருக்கும் எஞ்சின் ஒன்றுதான், 998 சி.சி., மூன்று சிலிண்டர், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் ஒத்து இயக்கும் டைமிங் செயின். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலிங்கில் லேசான நடுக்கம் இயல்பு. ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் சேர்ந்து அதிர்ந்தால் எஞ்சின் மவுண்ட் போயிருக்கிறது, அது சிறு செலவு. குளிர்ந்த ஸ்டார்ட்டில் செயின் பக்கம் கரகரப்பு சில விநாடிக்கு மேல் நீடித்தால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தார் போலக் கெட்டியாக இருந்தால் சந்தேகம் உறுதி.

சான்ட்ரோவின் 1086 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின் இவற்றைவிட மென்மையாக ஓடும், ஏ.சி. போட்டாலும் தளராது. ஆனால் அதில் செயினுக்குப் பதில் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும். ரப்பர் பெல்ட் கிலோமீட்டரால் மட்டும் தேய்வதில்லை, வயதாலும் விரிசல் விடும். 60,000 கி.மீ. அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதற்குள் பெல்ட்டை, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோடு மாற்றிய பில் இருக்கிறதா கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். சூடானதும் ஐடிலிங் ஏறி இறங்கினால் பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் படிந்த அழுக்குதான், பயப்பட வேண்டியதில்லை.

ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட். டைமிங் செயின், டர்போ, காமன் ரெயில் இன்ஜெக்டர் நான்கு. நன்றாகப் பராமரித்தால் மிக நீண்ட ஆயுள் கொண்ட எஞ்சின், நெடுஞ்சாலையில் இந்த நான்கில் இதற்கு நிகரில்லை. இந்த விலைக்கு வருபவை அநேகமாக நிறைய ஓடிய வண்டிகள். ஐடிலிங்கில் ஆயில் மூடியைக் கழற்றுங்கள்: லேசான மூச்சு இயல்பு, குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ். உள்ளே ஆயில் ஈரப்பசை இருப்பது சகஜம், ஆயில் தேங்கி நின்றால் டர்போவில் வேலை இருக்கிறது. டர்போவும் இன்ஜெக்டரும் ஒரே ஆண்டில் கை வைத்தால், ஆல்ட்டோவின் எஞ்சினையே பிரித்துக் கட்டிவிடக்கூடிய தொகை போய்விடும். தினம் 50 கி.மீ. ஓடாதவர்கள் பழைய டீசல் வாங்க வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து.

நான்குக்கும் பொதுவானவை: ஆயில் மூடியின் உட்புறம் பால்கலந்த காபி நிறத்தில் கூழ் இருந்தால், அல்லது எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் சந்தேகம். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கிளட்சுக்கு, 30 கி.மீ. வேகத்தில் நான்காம் கியர் போட்டு முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறினால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. பெட்ரோல் வண்டிகளில் இப்போது கூடுதலாக ஒன்று: பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது, இவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ வாங்கியதும் மாற்ற வேண்டும்.

ஸ்டியரிங்

சான்ட்ரோவில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்: பம்ப் ஹோஸிலும் ரேக் சீலிலும் ஆயில் ஒழுகலைத் தேடுங்கள், ரேக் அடிவாங்கியிருந்தால் மேடுபள்ளத்தில் கையில் தட்டும். வேகன் ஆரில் எலெக்ட்ரிக் என்பதால் ஒழுகல் இல்லை, எச்சரிக்கை விளக்கு சாவி போட்டதும் எரிந்து பிறகு அணைகிறதா என்பது மட்டும் முக்கியம்.

வண்டியின் முன்வாழ்க்கை

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரைப் பாருங்கள். உண்மையிலேயே 40,000 கி.மீ. மட்டும் ஓடிய வண்டியில் பிரேக் பெடல் வழவழத்திருக்காது. ஆல்ட்டோவிலும் சான்ட்ரோவிலும் இடப்பக்க ஃப்ளோரில் துளையோ வெல்டிங் தடமோ இருந்தால் அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. கற்றுக்கொடுப்பவருக்கான பெடலைக் கழற்றிய தடம் அது, கிளட்சும் கியர்பாக்ஸும் படாத பாடு பட்டிருக்கும். ஸ்விஃப்ட் டீசலிலும் வேகன் ஆரிலும் கால் டாக்ஸி வாழ்க்கையைத் தேடுங்கள்: கேரியர் மாட்டிய அடையாளம், ஆர்.சி.யில் வாடகை வண்டியிலிருந்து சொந்த வண்டியாக மாற்றிய பதிவு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ன் 23வது வாரம். ஆறு ஆண்டு தாண்டிய டயரை, பூ நன்றாக இருந்தாலும், மாற்ற வேண்டியதாகவே கணக்கில் எடுங்கள்.

யாருக்கு எது

டவுனுக்குள் இருவர், சின்னக் குடும்பம், புதிதாக ஓட்டுகிறவர்: ஆல்ட்டோ கே10. வயதான அப்பா அம்மாவை ஏற்றி இறக்க வேண்டியிருந்தால் வேகன் ஆர், அதன் உயரமான சீட்டில் குனியாமல் உட்காரலாம். நான்கில் எங்கள் முதல் தேர்வும் அதுதான். சான்ட்ரோவை ஃப்ளோர் சுத்தமாக இருந்து, பெல்ட் பில்லோ அதற்கான விலைக்கழிவோ கிடைத்தால் மட்டும் எடுக்கலாம், விலையில் அது நன்றாகவே இறங்கிவரும். இவற்றில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கிடையாது. கே10ன் உடன்பிறப்பான ஆல்ட்டோ 800, ஏர்பேக் இல்லாத வடிவில், 2014ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் என்றால் ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வேரியன்டைத் தேடிக் காத்திருங்கள்.

பேப்பர்

சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டினால் அதைவிடக் கூடுதல், பசுமை வரி தனி. ஆகவே 2010 வண்டிக்கும் 2013 வண்டிக்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் புதியதையே எடுங்கள். புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும். ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருக்க என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும், அதையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். டெல்லியில் 10 ஆண்டு டீசலுக்கும் 15 ஆண்டு பெட்ரோலுக்கும் தடை வந்ததால் தெற்கே வரும் வண்டிகளுக்கும் இதே கணக்கு.

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு கடன் பதிவு, இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் மூன்றையும் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். சேசிஸ், எஞ்சின் எண்களை ஆர்.சி.யோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், பெயர் மாற்றம் முடியும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்திருங்கள். முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், முன் பிரேக் பேட் மாற்ற வேண்டும். பெல்ட் பில் இல்லாத சான்ட்ரோ என்றால் பெல்ட்டும் அதே வாரத்தில்.