வேலன், வேலவன், வேலாயுதம்: மகனுக்கு எதை வைத்தோம், ஏன் வைத்தோம்

மகன் பிறந்தது மிருகசீரிடம் முதலாம் பாதத்தில். சாத்திரியார் நேரத்தைப் பார்த்துவிட்டு 'வே' என்ற எழுத்தைத் தந்தார். மிருகசீரிடத்தின் நான்கு பாதங்களுக்கும் வே, வோ, கா, கி என்று வரிசை. அடுத்த பாதத்தில் பிறந்திருந்தால் 'வோ'வில் தமிழ்ப் பெயர் தேடி அலைந்திருப்போம். 'வே' கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நினைவுதான். இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவில் என்ற ஊரில், கடல் இரைச்சலும் கோயில் மணியும் சேர்ந்து கேட்கிற வீடு எங்களுடையது. வேல் இல்லாமல் வேறு பெயர் வருமா?

ஆனால் வேலிலேயே நான்கு பெயர்கள் வந்து நின்றன. 31ஆம் நாள் பிறப்புத் துடக்குக் (தீட்டு) கழிப்பதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வேல்முருகனை முதல் நாளே விட்டோம். பெயரில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயருள்ளவர்களை எங்கள் பக்கம் யாரும் முழுதாகக் கூப்பிடுவதில்லை, 'முருகன்' என்றே கூப்பிடுகிறார்கள். எந்த எழுத்துக்காகப் பெயர் தேடினோமோ அந்த எழுத்தே வாயில் வராது.

வேலாயுதம் மாமியின் விருப்பம். அவருடைய அப்பாவின் பெயர் அது. அதைவிடப் பெரிய காரணமும் அவரிடம் இருந்தது. வெருகல், சித்தாண்டி, திருக்கோவில் என்று கிழக்குக் கரையில் மூன்று கோயில்களிலும் இருப்பவர் சித்திர வேலாயுதர். கதிர்காமத்துக்குக் கரையோரமாக நடந்து போகிறவர்கள் இந்தக் கோயில்களில் தங்கித்தான் உகந்தைக்குப் போய், குமண காட்டுக்குள் இறங்குகிறார்கள். "சாமிட பேரையே வைக்கலாம், ஏன் மனே குறைச்சு வைக்கிறீங்க?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பெயர் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. கனகரத்தினம், வேலாயுதம் போன்ற பெயர்களைக் கேட்டால் எனக்கு இன்றும் ஒரு மரியாதை வரும்.

வேலவன் மனைவியின் தெரிவு. சொல்லிப் பாருங்கள், பாட்டின் அடி மாதிரி இருக்கும். வேல் உடையவன் என்பதே பொருள். வேலனுக்கும் பொருள் அதுதான். ஆனால் வேலனுக்கு இன்னொரு பழைய வரலாறு உண்டு. சங்கப் பாடல்களில் வேலன் என்றால் முருகன் மட்டுமல்ல, கையில் வேல் ஏந்தி, சாமி வந்து வெறியாடும் பூசாரியும் வேலன்தான். காதலில் வாடும் மகளுக்கு என்ன நோய் என்று தெரியாமல் தாய் கூப்பிட்டு அனுப்புவது அவனைத்தான். உறவுக்காரர் ஒருவர் இதைச் சொல்லி, "சாமிக்குரிய பெயரை விட்டுப் பூசாரி பெயரையா வைப்பது?" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் எனக்கு இன்னும் பிடித்தது. மற்ற ஊர்களில் வெறியாட்டு ஒரு பாடப்புத்தகச் செய்தியாக இருக்கலாம். எங்கள் ஊர்களில் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் தெய்வம் ஆடுவதைச் சின்னப் பிள்ளைகளும் பார்த்து வளர்கிறார்கள். மண்டூரில் இன்றும் கப்புகனார் என்ற பூசகர் வாய் கட்டித்தான் முருகனுக்குப் பூசை செய்கிறார். அந்த வழிபாட்டின் மிகப் பழைய சொல் ஒன்று மகனின் பெயராக இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

சரி, இதெல்லாம் விருப்பு வெறுப்பு. முடிவைத் தந்தது வேறு ஒன்று: பெயர் கடதாசியில் ஏறும்போது அதற்கு என்ன நடக்கிறது என்பது.

இதை நான் பட்டு அறிந்தேன். என் பெயரின் நடுவில் ஒரு 'த' இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தது, அதில் சிக்கல் இல்லை. பாடசாலை இடாப்பில் ஆங்கிலத்தில் எழுதிய ஆசிரியர் 'டீ' (T) எழுத்தோடு 'எச்' (H) சேர்த்தார். அடையாள அட்டையில் 'எச்' விழுந்துவிட்டது. பரீட்சைப் பெறுபேற்றில் 'டி' (D) எழுத்தோடு 'எச்' வந்தது. மூன்றும் நான்தான். வேலைக்கு விண்ணப்பித்தபோது ஓர் அலுவலகத்தில் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். இவை மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தேன். அதற்குள் நேர்முகத் தேர்வு நாள் போய்விட்டது. ஒரே ஓர் எழுத்து!

அதனால் மூன்று பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றிலும் எங்கெங்கே பிழை நுழையலாம் என்று எண்ணினேன். வகரத்தை 'வி' எழுத்திலும் எழுதுவார்கள், 'டபிள்யூ' எழுத்திலும் எழுதுவார்கள். சிங்களத்தில் வேலை செய்பவர்களிடம் இரண்டாவது அதிகம். வேலாயுதத்தில் முதல் எழுத்துக்கு இரண்டு வழி. நடுவில் 'யு'வை 'ஒய்' (Y) சேர்த்து முழுதாகவும் எழுதலாம், வெறும் 'யூ' (U) எழுத்திலும் முடிக்கலாம், அதுவும் இரண்டு. 'த'வுக்கு நான் பட்ட அதே மூன்று. பெருக்கினால் 12 விதம். வேலவனில் இரண்டு வகரம், ஆகவே நான்கு விதம். வேலனில் ஒரே வகரம், இரண்டு விதம். லகரத்தை இரட்டிப்பவர்களையும் கணக்கில் எடுத்தால் எல்லாமே இரு மடங்காகும், ஆனால் வரிசை மாறாது.

இது என் மகனோடு முடிகிற விடயமும் இல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்கு முன்னால் வரும். இன்று நான் வைக்கிற பெயர் நாளை என் பேரப்பிள்ளைகளின் சான்றிதழிலும் ஏறும். 12 விதமாக எழுதக்கூடிய ஒன்றை இரண்டு தலைமுறையின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. என் பெயர் வேறு நீளம். அதன் பின்னால் வேலாயுதம் வந்தால் விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களே போதாது. வேலன் சுலபமாக அடங்குகிறது.

சிங்களக் காதுக்கு எப்படி இருக்கும் என்றும் யோசித்தோம். அம்பாறை நகரத்துக்கு அலுவலாகப் போகிற எவரும் யோசிக்க வேண்டியதுதான். 'வெலாவ' என்றால் நேரம், அது வேலவனுக்குக் கிட்ட வருகிறது. 'வேலனவா' என்றால் உலர்த்துவது, அது வேலனுக்குக் கிட்ட. இரண்டுமே கெட்ட சொல் இல்லை, அதனால் இந்தக் கணக்கில் இரண்டும் சமம் என்று விட்டுவிட்டோம்.

கூப்பிடுவதிலும் வேலன் எனக்குப் பிடித்திருக்கிறது. 'வேலா' என்றால் போதும், வளவின் மறு கோடி வரை கேட்கும். வேலவனையும் நாளடைவில் வேலா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று மனைவியே சொன்னார். அவர் இறங்கி வந்தது அந்த இடத்தில்தான்.

மகனுக்கு இப்போது ஏழு மாதம். பாடசாலையில் இந்தப் பெயர் எப்படி நிற்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. 'வில்லன்' என்று யாரும் கேலி செய்வார்களோ என்ற பயம் உள்ளே இருக்கிறது. வேலவனில் அந்தப் பயம் குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் பெயர் சின்னது, எழுத்துச் சிக்கல் உங்களுக்கு வந்ததில்லை என்றால், வேலவனை விட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

பதிவுக்குப் போனபோது ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுதிய ஒரு தாளைக் கையோடு கொண்டுபோனேன். பதிவாளர் எழுதி முடித்ததும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்த பின்தான் கையெழுத்து வைத்தேன். முதல் எழுத்து 'வி' என்றே இருந்தது. மாமி அன்று பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அருச்சனைக்குப் பெயர் கேட்டபோது "வேலாயுதம்" என்று சொன்னாராம்.